கணக்கு எழுதிய வீடும் தறி ஓடிய வீடும்

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தைச் சேர்ந்த மாணவியர் முப்பத்தெட்டுப் பேரும், இரு சகோதரிகளும், ஓர் ஆசிரியையும் திருப்பூரில் இரவு இரயில் ஏறிச் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். கடலைக் கண்டோம், கலங்கரை விளக்கத்தைக் கண்டோம், சாந்தோம் பேராலயத்தில் செபித்தோம். அவற்றையெல்லாம் ஆண்டுதோறும் எவரேனும் இம்மலரில் எழுதிவருகின்றனர். ஆகவே நாங்கள் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் எழுத எண்ணினோம். அது ஒரு லேவாதேவிக்காரர் வீடு. இன்று அதில் எவரும் குடியிருக்கவில்லை. பார்க்க வருபவர்களே அதன் விருந்தாளிகள்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டில் டெபோரா தியாகராஜன் அம்மையார் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை அமைத்து, 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. அதன் கட்டட அமைப்பில் புகழ்பெற்ற லாரி பேக்கரின் பங்கு உண்டு. மற்ற அருங்காட்சியகங்களில் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். இங்கே வீட்டையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இடிபடும் நிலையிலிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், கதவு, உத்தரம் என்று பிரித்தெடுத்து, அந்தந்த வட்டாரத்துக் கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் மரச்சுவர் போட்ட நெல் அறையைக் கண்டதும், கோட்டயம் பக்கத்தைச் சேர்ந்த எங்கள் சகோதரி சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு, "எங்கள் அம்மாச்சி வீட்டிலும் இப்படித்தான். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள்," என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

நாங்கள் அதிக நேரம் தங்கியது செட்டிநாட்டு வீட்டில். அகன்ற திண்ணை, உயர்ந்த தூண்கள், ஆள் உயரத்திற்கும் மேலான கதவு, அதன் நிலையில் நுணுக்கமான மரவேலை, உள்ளே வானம் தெரியும் முற்றம். பருத்திச் சேலை வாங்க வந்த விலை பேசுகிறவர்கள்போல நாங்கள் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். இவ்வளவு தேக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். அந்தக் கேள்விதான் எங்களைப் பர்மா வரை இழுத்துச் சென்றது. ஊர் திரும்பிய பின் நூலகத்தில் படித்தும், ஆசிரியையிடம் கேட்டும் அறிந்தவற்றைச் சேர்த்துச் சொல்கிறோம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி முதலிய ஊர்கள் அடங்கிய பகுதியே செட்டிநாடு. முன்பு 96 ஊர்கள் என்பர். இன்று எழுபத்தைந்து அளவில் உள்ளன. அங்கு வாழும் நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் எனக் கடல் கடந்து லேவாதேவித் தொழில் நடத்தினர். 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தனர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் வயல்களாயின. காட்டை வெட்டி, மாடு வாங்கி, விதைத்து, அறுவடை வரை பசியாறப் பர்மிய உழவனுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆங்கில வங்கிகள் உழவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. நகரத்தார் கொடுத்தனர். 1929-30-இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய தொகை ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அக்காலத்து 75 கோடி!

கடை என்றவுடன் பெரிய கட்டடத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். நீண்ட கூடம், தரையில் பாய், முன்னால் சாய்ந்த மேசைப்பெட்டி ஒன்று. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வங்கி. கடையின் பொறுப்பாளர் மேலாள். அவருக்குக் கீழ் அடுத்தாள். ஓடியாடி வேலை செய்து தொழில் பழகுபவன் பெட்டியடிப் பையன். எங்கள் வயதுக்கும் குறைந்த சிறுவன்தான் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறுவான். போவதற்கு முன் எண்சுவடி மனப்பாடமாக இருக்க வேண்டும். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு; நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80-இல் ஒரு பங்கு; நான்கு காணி ஒரு மா, 20-இல் ஒரு பங்கு. கால்குலேட்டர் இல்லாமல் இதை வைத்து வட்டியை வாயாலேயே சொல்லிவிடுவார்களாம். எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்குக்கு அழுத எங்களில் சிலருக்கு இது கொஞ்சம் உறைத்தது.

ஏஜெண்டாகப் போகிறவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். அது முடிந்தபின்தான் ஊர் திரும்புவார். சில மாதம் வீட்டில். பிறகு மறுபடி கப்பல். அப்படியானால் அந்த மாபெரும் வீட்டை ஆண்டது யார்? பெண்கள்தாம். மாமியார், மருமகள்மார், பிள்ளைகள், கணக்கப்பிள்ளை, வேலையாட்கள் என்று ஒரு சிற்றூரே உள்ளிருக்கும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் முற்றத்தைச் சுற்றிய அறைகளில் ஒன்று. அதன் சாவி மருமகளிடம். நெல், புளி, மிளகாய் எல்லாம் கணக்கோடு அளக்கப்படும். பெண்களுக்கு வந்த சீர்ப் பணமும் சும்மா இருக்கவில்லை. அது கடையில் முதலீடாகி வட்டி ஈட்டியது. அதற்கு ஆச்சிமார் பணம் என்றே தனிப்பெயர் உண்டு. வங்கி வரலாறு எழுதுகிறவர்கள் ஆண்களின் பெயர்களையே எழுதுகிறார்கள். அந்தப் பேரேட்டில் ஆச்சிமார் பணத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது என்பதை நாங்கள் அழுத்தியே எழுதுகிறோம்.

வீட்டின் கட்டுமானம் பற்றி எழுதப் பக்கம் போதாது. ஒரு தெருவில் தலைவாசல் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பில் ஆண்கள் வந்து பேசும் திண்ணை; அடுத்துச் சடங்குகள் நடக்கும் வளவு; அதற்கும் பின்னே சாப்பாட்டுக் கட்டும், பெண்கள் புழங்கும் சமையற்கட்டும். கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும். வறண்ட சீமையில் அந்நீருக்கு மதிப்பு மிகுதி. சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெண்கரு, கடுக்காய் முதலியன சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர். நூறாண்டு கழித்தும் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், ஐரோப்பாவிலிருந்து நிலைக்கண்ணாடி. இவற்றோடு உள்ளூர் ஆத்தங்குடிக் கல்லும் உண்டு. கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தும் அத்தொழில் இன்றும் அங்கே நடக்கிறது.

முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சிஸ்டர், கடன் வாங்க வந்தவங்க இந்த வீட்டுல எங்க உட்கார்ந்திருப்பாங்க?" திண்ணையிலா, தாழ்வாரத்திலா என்று நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். சகோதரி சிரித்தார்கள். "அவர்கள் இங்கே வரவே இல்லையம்மா. அவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே வந்தது பணம் மட்டும்தான்," என்றார்கள்.

அந்த விடை எங்களை விடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உழவன் 500 ரூபாய் கடன் வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய் வட்டி என்றால், ஆண்டு வட்டி 75 ரூபாய். நெல் கூடை ஒன்றரை ரூபாய்க்கு விற்கும்போது 50 கூடை அளந்தால் வட்டி தீர்ந்தது. விலை முக்கால் ரூபாயாக விழுந்தால்? அதே வட்டிக்கு 100 கூடை அளக்க வேண்டும். நிலமும் அதே, உழைப்பும் அதே, கடன் பத்திரமும் அதே. 1930-க்குப் பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் ஏறக்குறைய இதுதான் நிகழ்ந்தது. நெல் விலை பாதி அளவுக்குச் சரிந்தது; வட்டி நின்றது; ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்குச் சென்றது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938-இல் அது 25 பங்கு ஆயிற்று.

இதை வைத்து ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் எழுதவில்லை. நகரத்தார் வாங்கிய வட்டி மற்றப் பலர் வாங்கியதைவிடக் குறைவு என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவர்கள் விரும்பியது நிலத்தை அன்று, சுழலும் பணத்தை. மண் பெட்டியில் வந்து சேராது, வட்டியும் ஈட்டாது. ஆனாலும் நிலம் இழந்த பர்மியக் குடும்பத்துக்கு அந்த விளக்கம் சோறு போடுமா? 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பல இலட்சம் இந்தியர் பர்மாவிலிருந்து ஓடி வந்தனர். கால்நடையாக மலை கடந்தோர் எண்ணற்றோர். வழியில் மாண்டோரும் மிகப் பலர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. கொடுத்த கடனும் இல்லை, பிடித்த நிலமும் இல்லை. செட்டிநாட்டில் வீடு மட்டும் நின்றது.

பணம் நின்ற பின் வீடு எப்படி நிற்கும்? பங்காளிகள் பெருகினர், ஒரு வீட்டுக்குப் பல பத்து உரிமையாளர், ஓடு மாற்றச் சம்மதம் வாங்கவே ஊர் ஊராக எழுத வேண்டும். சில வீடுகள் இடிக்கப்பட்டன. தூணும் நிலையும் விற்பனைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றும் அந்தக் கதவுகளையும், மரப்பெட்டிகளையும், பீங்கான் சாடிகளையும் வாங்கலாம். சில வீடுகள் விடுதிகளாயின. 2014-ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. முட்டுக்காட்டு வீடு அப்படிச் சிதறிப்போகாமல் தப்பியவற்றில் ஒன்று.

பணம் எல்லாம் மரத்திலும் சலவைக்கல்லிலும்தான் போயிற்று என்றும் சொல்ல இயலாது. 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியதில் நகரத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. 1937-இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் கதவு திறந்தது. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார்.

பணம் கொடுத்து வாங்குவோரின் மனச்சாட்சி பற்றிய கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரத்தில் மெடிச்சி என்னும் வங்கிக் குடும்பத்தார் 1444-இல் கட்டத் தொடங்கிய மாளிகையும் இன்று அருங்காட்சியகமே. வட்டி வாங்குவதைத் திருச்சபை கண்டித்த காலம் அது. கோசிமோ மெடிச்சி தம் செல்வத்தின் ஒரு பகுதியைச் சான் மார்க்கோ துறவுமடத்தைப் புதுப்பிக்கச் செலவிட்டதற்கு அந்த உறுத்தலே காரணம் என்று அவர் காலத்தவர் ஒருவரே எழுதிவைத்துள்ளார். அம்மடத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டியவரே 1982-இல் முத்திப்பேறு பட்டம் பெற்ற ஃபிரா ஆஞ்சலிக்கோ. அதே நூற்றாண்டில், 1462-இல், பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் ஏழைகளின் பொருளை ஈடாகப் பெற்றுக் குறைந்த செலவில் கடன் கொடுக்கும் நிதியம் ஒன்றைத் தொடங்கினர். மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னபோது, "எங்கம்மா தோட்டை வச்சு எனக்கு ஃபீஸ் கட்டினாங்க, அந்த மாதிரியா சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த மாதிரிதான்.

தட்சிணசித்ராவில் இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு. செட்டிநாட்டு வீட்டில் வாய் மூடாமல் பேசிய நாங்கள் இங்கே அமைதியாகிவிட்டோம். ஏனென்றால் இதில் வியக்க ஒன்றும் இல்லை, எல்லாம் தெரிந்ததாக இருந்தது. வீட்டுக்குள் தறி, தறிக்கு ஒதுங்கி மனிதர். நாங்கள் சாமளாபுரத்துப் பிள்ளைகள். நொய்யலால் நிறையும் குளமும், விடியும் முன்பே கேட்கும் விசைத்தறிச் சத்தமும்தான் எங்கள் ஊர். சோமனூர், பல்லடம் வரை எங்கு காது வைத்தாலும் அதே தாளம். எங்களில் பாதிப்பேருக்குமேல் வீட்டில் தறி உண்டு, அல்லது தறிக்குப் போகும் தகப்பனார் உண்டு. பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வரும். நெய்து கொடுத்தால் கூலி. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றபோது ஊரே செவிடானதுபோல இருந்தது. பல வீடுகளில் பழைய தறி இரும்பு விலைக்கு எடை போடப்படுவதையும் கண்டிருக்கிறோம்.

இரயிலில் திரும்பி வரும்போது பேச்சு இதுவாகவே இருந்தது. பணக்காரர் வீட்டை இவ்வளவு தூரம் கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறார்கள். நெசவாளர் வீட்டையும் மறக்கவில்லை. நம் ஊரில் காப்பாற்ற என்ன இருக்கிறது? ஒருத்தி, "எங்க பாட்டி வீட்டுல குழித்தறி இருந்த குழி இன்னும் இருக்குது. தைக்கு டைல்ஸ் போடறப்ப மூடிருவாங்க," என்றாள்.

மறு சனிக்கிழமையே ஆசிரியையோடு ஆறு பேர் போனோம். தறி எப்போதோ போய்விட்டது. சுவரோரமாகக் குழி மட்டும், மேலே பலகை போட்டு, அதன்மேல் அரிசி மூட்டை. மூட்டையை நகர்த்திப் பலகையை எடுத்தார்கள். தையல் வகுப்பு நாடாவால் அளந்தோம்: நீளம் மூன்றடி, அகலம் இரண்டரையடி, ஆழம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. உட்காரும் பக்கத்து விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பாட்டியம்மா குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இல்லாத மிதியை மிதித்துக் காட்டினார்கள். நாங்கள் அளவெடுக்க வந்தவர்கள், அளவை எழுத மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மாடத்திலிருந்து ஒரு துணிப்பை வந்தது. மர நாடா ஒன்று, தார் சுற்றும் குழல்கள் சில, அறுந்த விழுது கொஞ்சம், அட்டை கிழிந்த ஒரு நோட்டு. நோட்டில் பற்று, வரவு, பாக்கி என்று மூன்று பத்திகள். நூல் கொடுத்த வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், நெய்து கொடுத்த உருப்படிகள், கழித்த கூலி, மீதி. திருமணத்திற்கு வாங்கியது ஒரு வரி. மாடு இறந்தபோது வாங்கியது ஒரு வரி. பக்கம் பக்கமாகப் பாக்கி குறைவதும் கூடுவதுமாக இருந்தது. முட்டுக்காட்டில் கடன் வாங்கியவர் உட்காரும் இடத்தைத் தேடினோமே, அது இங்கே இருந்தது. பேரேட்டின் மறுபுறம் ஒரு நெசவாளர் வீட்டு மாடத்தில், பென்சில் எழுத்தில்.

பள்ளியில் வைக்கத் தர முடியுமா என்று ஆசிரியை கேட்டார். பாட்டியம்மா நாடாவையும் தார்க்குழலையும் எங்கள் கையில் கொடுத்தார்கள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள். "இத எடுத்துட்டுப் போங்க அம்மிணி. நோட்டு இருக்கட்டும். அதுல எங்கூட்டுக்காரரு எழுத்து இருக்குது," என்றார்கள். இரண்டு பக்கங்களை மட்டும் அவர்கள் அனுமதியோடு, வியாபாரியின் பெயரை விட்டுவிட்டு, படி எடுத்துக்கொண்டோம்.

தை மாதம் டைல்ஸ் போட்டாயிற்று. குழியின் அளவுப் படத்தைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைந்திருக்கிறாள். அது நாடா, தார்க்குழல், படியெடுத்த இரு பக்கங்கள் ஆகியவற்றோடு நூலகத்தில் கிழக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளது. சாவி வரலாற்று ஆசிரியையிடம் இருக்கிறது. தட்டில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.